வண்டிக்காரரைப் பிழைக்க வைத்த வாரம்

சபா அண்ணையின் வலது கால், கட்டுக் கட்டாக அடுக்கியிருந்த பழைய பத்திரிகைகளின் மேல் நீட்டிக் கிடந்தது. சொக்ஸ் இல்லை. பாதத்தைச் சுற்றிய வெள்ளைத் துணியை அப்போதுதான் தாதி அவிழ்த்து மாற்றிவிட்டுப் போயிருந்தார் போலும், நுனி சரியாக மூடவில்லை. பெருவிரலும் அதற்கடுத்ததும் கறுத்துப்போயிருந்தன.

"என்ன அண்ணை இது?"

"கால்," என்றார்.

அது ஒரு திங்கட்கிழமை பின்னேரம். பங்குனி மாதத்து ஊத்தைப் பனி வாசலில் கரைந்து ஓடிக்கொண்டிருந்தது. ரொறன்ரோவின் மல்வேர்ன் பகுதியில் அவருடைய ரவுன்ஹவுஸின் பேஸ்மென்ற், அதாவது நிலக்கீழ் அறைதான் பத்திரிகை அலுவலகம். ஒரு கணினி, ஒரு மேசை, சுவரெல்லாம் பழைய இதழ்கள். அன்றைக்கு அங்கே சாம்பிராணி வாசம் தூக்கலாக இருந்தது. இந்திராக்கா எதையோ மறைக்கத்தான் அதைப் போட்டிருக்கிறார் என்று இரண்டாவது மூச்சில் விளங்கிவிட்டது.

நீங்கள் கையில் வைத்திருக்கும் இந்தப் பத்திரிகையின் ஆசிரியர்தான் சபா அண்ணை. இந்திராக்கா அவருடைய மனைவி. அவரைப் பற்றி அவருடைய பேப்பரிலேயே எழுதலாமா என்று கேட்டேன். "எழுதும். ஆனா என்னை நல்லவனாக்கிப் போடாதேயும்," என்றார். எனக்கு அந்தக் கஷ்டம் வராது. மனிதர் சரியான பிடிவாதக்காரர்.

சர்க்கரை வியாதி. விரலில் சின்னதாக ஒரு புண். அவர் அதைப் பார்க்கவில்லை, பிறகு பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார். ஆஸ்பத்திரியில் பாதத்தின் முன்பாதியை எடுத்துவிட வேண்டும் என்று சொன்னார்கள். பொறுத்தால் முழங்காலுக்குக் கீழே போக வேண்டிவரும், அதற்கு மேலும் பொறுத்தால் காலைப் பற்றிக் கவலைப்பட ஆளே இருக்காது என்றும் சொன்னார்கள். அண்ணை ஞாயிற்றுக்கிழமை, என் பொறுப்பிலேயே போகிறேன் என்று ஒரு கையெழுத்தைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். தாதி ஒருவர் நாளாந்தம் வந்து கையில் மருந்து ஏற்றுகிறார். வெள்ளிக்கிழமை காலை திரும்பி வந்து முடிவு சொல்ல வேண்டும்.

"வெட்டினா நான் எப்பிடிக் கார் ஓடுறது? ஆர் பேப்பர் போடுறது?"

வெள்ளிக்கிழமைகளில் அவரே காரில் கட்டுகளை ஏற்றி, ஸ்காபரோவில் இருக்கிற பிளாசா பிளாசாவாக, பலசரக்குக் கடை, சாப்பாடு கட்டித் தருகிற ரேக் அவுட் கடை என்று போட்டுக்கொண்டு போவார். கடைசியில் நகரத்தின் மறுகோடியில் இருக்கிற ரெக்ஸ்டேல் வரைக்கும் போய் இரண்டு கடையில் வைத்துவிட்டு வருவார். ரெக்ஸ்டேலில் அதை வாசிக்க எத்தனை பேர் என்று நான் கேட்டதில்லை.

"வேறை ஆரும் போடுவினம் அண்ணை."

"போடுவினம். கண்ட கண்ட இடத்திலை போடுவினம்." பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி கேட்டார், "எங்கடை வண்டிக்காரன் என்ன மாதிரி?"

"முன்கூட்டிச் சொல்லக் கூடாதெண்டு நீங்கள்தானே சட்டம் வைச்சனீங்கள்."

"ஓம் ஓம், சொல்லாதேயும். புதன்கிழமை பாக்கிறன். அவன்ரை காலைப் பாத்திட்டுத்தான் என்ரை காலைப் பற்றி முடிவெடுக்கிறது."

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். தேத்தண்ணியோடு படியில் இறங்கி வந்துகொண்டிருந்த இந்திராக்கா சிரிக்கவில்லை.

அந்த வண்டிக்காரர் யார்

புதிதாக வாசிக்க வருபவர்களுக்காக இதைச் சொல்ல வேண்டும். என்னுடைய இந்த நினைவுக் குறிப்புகளுக்கு முன்னால், இதே பக்கத்தில், ஒரு பிரெஞ்சுச் சத்திரசிகிச்சை வைத்தியரின் வாழ்க்கையை நான் தமிழில் தொடராகத் தந்துகொண்டிருந்தேன். பெர்னெல் என்று பெயர். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்து மனிதர். பெரிய ஆள் இல்லை, எந்தச் சிலையும் அவருக்கு இல்லை.

கனடாவுக்கு வருமுன் சில வருடங்கள் நான் பாரிசில் இருந்தேன். ஓர் அலுவலகக் கட்டடத்தில் நிலம் துடைக்கிற வேலை. ஒருநாள் வேலை முடிந்து வருகிறபோது, பழைய புத்தகக் கடை வாசலில் மழையில் நனையாமல் மூடிவைத்த பெட்டிக்குள் கை விட்டேன். அட்டை கிழிந்த ஒரு புத்தகம் வந்தது. அந்த நேரம் எனக்குப் பிரெஞ்சு அரைகுறை. முதல் பக்கத்தில் மூன்று சொல்தான் விளங்கியது: நான், கத்தி, பயம். மூன்றும் எனக்கு முன்பே பழக்கம் என்றபடியால் வாங்கிக்கொண்டேன்.

அந்தப் புத்தகத்தை வைத்துத்தான் நான் பிரெஞ்சு படித்தேன். அதனால் கடையில் பாண் வாங்கப் போனால் இருநூறு வருடத்துக்கு முந்தின மரியாதையில் கதைத்தேன். பாண் விற்ற பெண் சிரித்துச் சிரித்து ஒரு குரோசோனை சும்மா தந்தாள்.

பெர்னெல் ஒரு சவரத் தொழிலாளியின் மகன். சின்னப் பட்டினம் ஒன்றில் ஆஸ்பத்திரி வைத்தியராக இருந்தார். புரட்சி வந்தது. நேற்றுவரை 'ஐயா' என்றவர்கள் இன்றைக்குப் 'பிரஜையே' என்று கூப்பிட்டார்கள். நோயாளரைப் பராமரித்த கன்னியாஸ்திரிகளைத் துரத்திவிட்டார்கள். காயத்துக்கு வைக்கப் பஞ்சு இல்லை. பட்டினத்துப் பெண்கள் பழைய படுக்கை விரிப்புகளைச் சுரண்டி நூலாக்கிக் கொடுத்தார்கள். எந்தப் பக்கத்து ஆள் என்று கேட்காமல் மருந்து கட்டியதற்காக இவரையும் சில மாதம் உள்ளே போட்டார்கள். அங்கே இருந்துதான் எழுதத் தொடங்கினார்.

இதை வாசிக்கிறபோது, இது எங்கேயோ எனக்குத் தெரிந்த இடமாக இருக்கிறதே என்று நினைத்தேன். உங்களில் பலருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். அந்தத் தொடருக்கு வந்த கடிதங்கள் அப்படித்தான் சொல்லின.

சபா அண்ணை காலை நீட்டி வைத்திருந்த அந்த வாரத்துக்கு முந்தின வெள்ளி வெளிவந்தது பியேர் தொர்வல் என்ற வண்டிக்காரரின் அத்தியாயம். தன் வண்டிச் சில்லே தன் பாதத்தில் ஏறி நசித்துவிட, ஒரு கதவுப் பலகையில் கிடத்திக் கொண்டுவருகிறார்கள். வெட்ட வேண்டும் என்கிறார் பெர்னெல். மாட்டேன் என்கிறார் வண்டிக்காரர். கால் இல்லாமல் வண்டி எப்படி ஓட்டுவது, என் குதிரையை யார் பார்ப்பது என்கிறார். அத்தியாயம் அங்கே முடிந்தது.

நான் புத்தகத்தின் ஒழுங்கில்தான் போய்க்கொண்டிருந்தேன். சபா அண்ணையின் காலைப் பற்றி எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது.

'நான்' என்று சொல்கிற வேலை

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ரொறன்ரோவில் நான் செய்கிற வேலை ஆஸ்பத்திரி மொழிபெயர்ப்பு. வைத்தியர் ஆங்கிலத்தில் சொல்வதை நோயாளிக்குத் தமிழில், நோயாளி சொல்வதை வைத்தியருக்கு ஆங்கிலத்தில். பதினேழு வருடமாகிறது.

இந்த வேலைக்கு ஒரு விதி உண்டு. 'டொக்டர் சொல்லுறார்' என்று சொல்லக் கூடாது. வைத்தியர் 'நான்' என்றால் நானும் 'நான்' என்றே சொல்ல வேண்டும். நோயாளி அழுதுகொண்டு 'எனக்குப் பயமாயிருக்கு' என்றால் நானும் எனக்குப் பயமாயிருக்கு என்றே ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். மொழிபெயர்க்க ஒரு ஆள் அங்கே இருப்பதே தெரியக் கூடாது என்பதுதான் விதியின் சாரம்.

ஆரம்பத்தில் ஒரு பெரியவருக்கு, "நாளைக்குக் காலமை நான் உங்கடை வயித்தைத் திறந்து பாக்கப்போறன்," என்றேன். அவர் என் கம்பளிச் சட்டையையும், கைப்பையையும், குளிர்ச் சப்பாத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "நீரோ?" என்றார். பக்கத்தில் நின்ற வைத்தியர், பெரியவர் என்ன கேட்கிறார் என்று விசாரிக்க, அதையும் நான் மொழிபெயர்க்க வேண்டியதாயிற்று.

இன்னொரு விதி: கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. எங்கள் ஆட்களிடம் இதுதான் பெரிய பாடு. அறைக்குள் போகுமுன் மகளோ மருமகனோ என் கையைப் பிடிப்பார்கள். "அன்ரி, அப்பாட்டை அந்த வருத்தத்தின்ரை பேரை மட்டும் சொல்லாதேங்கோ. சின்னக் கட்டியெண்டு சொல்லுங்கோ." எத்தனையோ முறை. அன்பில்தான் கேட்கிறார்கள். அன்பில் கேட்கிறார்கள் என்பதால்தான் மறுப்பது கஷ்டம். ஆனாலும் மறுத்திருக்கிறேன். என்னைக் கல்நெஞ்சுக்காரி என்று சொன்னவர்களும் உண்டு, பிறகு வந்து கையைப் பிடித்துக்கொண்டவர்களும் உண்டு.

இவ்வளவு நெறியாக இருந்தவள் ஒரு செவ்வாய்க்கிழமையில் எப்படிச் சறுக்கினேன் என்பதுதான் இந்த வாரக் கதை.

"பிழைக்க வையும்"

செவ்வாய்க்கிழமை காலை இந்திராக்கா தொலைபேசியில் வந்தார். சுகம் விசாரிக்கவில்லை.

"ரதி, அந்த வண்டிக்காரன் பிழைக்கிறானோ?"

"ஏன் அக்கா?"

"நீர் சொல்லும்."

"இல்லை அக்கா. வெட்டினாப் பிறகு செத்துப்போறார்."

அந்தப் பக்கத்தில் தண்ணீர்க் குழாய் ஓடுகிற சத்தம் கேட்டது. அதை மூடினார்.

"அப்ப பிழைக்க வையும்," என்றார்.

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. இருநூறு வருடத்துக்கு முன் செத்த மனிதரை நான் எப்படிப் பிழைக்க வைப்பது?

"அவர் காலைப் பற்றிப் பகிடியாச் சொன்னது பகிடியில்லை," என்றார் இந்திராக்கா. "நாப்பது வருசமாக் கட்டிக்கொண்டு இருக்கிறன், எனக்குத் தெரியாதோ? டொக்டர் சொல்லிக் கேக்கேல்லை. பிள்ளையள் சொல்லிக் கேக்கேல்லை. ராத்திரிப் பகலா உம்மடை வைத்தியர்தான். பெர்னெல் இப்பிடிச் சொன்னவர், பெர்னெல் அப்பிடிச் செய்தவர். வெட்டின ஆள் செத்துப்போனானெண்டு புதன்கிழமை வாசிச்சாரெண்டா இந்த மனுசன் வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரி வாசல் மிதிக்காது. நீர் எழுதிற பேப்பர்தானே? இரண்டு வரியை மாத்தினா ஆருக்கு நட்டம்?"

"அக்கா, அது புத்தகத்திலை..."

"புத்தகம் இருந்திட்டுப் போகட்டும். என்ரை மனுசன் இருக்க வேணும்."

நான் பிறகு எடுக்கிறேன் என்று சொல்லி வைத்தேன். எடுக்கவில்லை. அன்றைக்கு எனக்கு வேலை இல்லாத நாள். சாப்பாட்டு மேசையில் புத்தகத்தை விரித்து வைத்தேன். அதில் இருந்தது இதுதான்: பெர்னெலுக்கு வண்டிக்காரரைப் பிடித்துவிட்டது. நன்றாகப் பகிடி விடுகிற மனிதர். வெட்டாதே என்று அவர் கெஞ்ச, நாலு நாள் பொறுத்தார். ஐந்தாம் நாள் வெட்டினார். ஏழாம் நாள் வண்டிக்காரர் போய்விட்டார்.

புத்தகத்தை மூடினேன். தாளை எடுத்தேன்.

என் வண்டிக்காரர் மூன்றாம் நாளே சம்மதித்தார். காய்ச்சல் வந்து தணிந்தது. காயம் ஆறியது. ஊரில் தச்சுவேலை செய்கிற ஒருவர் கவைத்தடி செய்து கொடுத்தார். வசந்தகாலம் வந்ததும் அவர் வண்டியின் முன்பலகையில் ஏறி உட்கார்ந்து, வெங்காய மூட்டைகளோடு சந்தைக்குப் போனார். ஆஸ்பத்திரியைத் தாண்டும்போது சவுக்கை உயர்த்திக் காட்டினார். பெர்னெல் யன்னலில் நின்று கையசைத்தார். குதிரைக்கு ஒரு பெயரும் வைத்தேன்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது. அவ்வளவு சந்தோசமாக நான் ஒருநாளும் எழுதியதில்லை. எழுதி முடித்து இரண்டு முறை வாசித்தேன், இரண்டாம் முறை கண்ணீரும் வந்தது.

புதன்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தேன். எனக்குத் தமிழில் ரைப் அடிக்க வராது. தாளில் எழுதித்தான் கொடுப்பேன், சபா அண்ணைதான் ஒவ்வொரு எழுத்தாக அடிப்பார். அன்றைக்கு அவர் முகம் மஞ்சள் பூசினதுபோல இருந்தது. கால் இன்னும் அந்தப் பத்திரிகைக் கட்டின் மேல்தான். தாள்களை வாங்கி, வாசிக்காமல், விசைப்பலகைக்குப் பக்கத்தில் வைத்தார். வாசலில் இந்திராக்கா என் கையைப் பிடித்து அழுத்தினார்.

வியாழக்கிழமை பத்து மணி

அடுத்த நாள் காலை ஆஸ்பத்திரி நடைபாதையில், ஒரு நோயாளியை முடித்து அடுத்தவருக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். தொலைபேசி அடித்தது.

"தங்கச்சி, உது உம்மடை வேலை," என்றார் சபா அண்ணை.

"எது அண்ணை?"

"வண்டிக்காரன். உதை எழுதினது நீர். பெர்னெல் இல்லை."

பிரெஞ்சில் ஒரு எழுத்துத் தெரியாதவர். எப்படித் தெரியும் என்று நான் கேட்கக் காத்திருக்காமல் அவரே சொன்னார்.

"முப்பத்தொரு கிழமை அந்த மனுசனை ரைப் பண்ணினவன் நான். பிழைச்ச ஆளுக்கு அவர் ஒரு வரிதான் குடுப்பார். 'ஆறிற்று, வீட்டுக்குப் போனார்' எண்டு எழுதிப்போட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிடுவார். ஒரு பக்கம் எழுதிறது செத்தவைக்குத்தான். அவையின்ரை முழுப் பேர், ஊர், கடைசியா என்ன கேட்டவை, என்ன சாப்பிட்டவை, எல்லாம் எழுதுவார். நீர் வண்டிக்காரனுக்கு மூண்டு பக்கம் எழுதியிருக்கிறீர். சந்தைக்கும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறீர்." மூச்சு வாங்கினார். "அப்ப அவன் செத்துப்போனான், என்ன?"

முப்பத்தொரு வாரம் அந்த மனிதரை மொழிபெயர்த்தவள் நான். அந்த விசயம் என் கண்ணில் படவேயில்லை. பிறகு புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். அவர் சொன்னது அச்சொட்டாகச் சரி. பிழைத்தவர் எவருக்கும் ஒரு வரிக்கு மேல் இல்லை.

"அண்ணை, இந்திராக்கா..."

"அவ கேட்டிருப்பா. அது தெரியும். நீர் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வாரும்."

மத்தியானத்து வேலையை இன்னொருவரிடம் மாற்றிவிட்டு, வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மல்வேர்னுக்குப் போனேன். பஸ்ஸில் வழி முழுக்க ஒரே எண்ணம்தான். என் பொய்யால் ஒரு மனிதர் சாகப்போகிறார். பொய் சொல்லாமல் விட்டிருந்தாலும் சாகத்தான் போகிறார். இதில் எது கூடின பாவம் என்று எனக்குக் கணக்குப் பார்க்கத் தெரியவில்லை.

கதவைத் திறந்த இந்திராக்கா என்னை உள்ளே விடவுமில்லை, தடுக்கவுமில்லை.

"ஒரு பொய்யைக்கூட ஒழுங்காச் சொல்லத் தெரியேல்லை உமக்கு," என்றார்.

புத்தகத்தில் இருந்தது

"ஆஸ்பத்திரியிலை செய்யிற மாதிரிச் செய்யும்," என்றார் சபா அண்ணை. "கூட்டாதேயும், குறைக்காதேயும்."

நான் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். கண் பிரெஞ்சில், வாய் தமிழில். இந்திராக்கா படியின் நடுவில் உட்கார்ந்திருந்தார், முதுகைக் காட்டிக்கொண்டு.

'நான்' என்று தொடங்கினேன். நான் அவருக்கு வெட்ட வேண்டும் என்று சொன்னேன். அவர் என்னைப் பார்த்துப் பகிடி விட்டார். நான் சிரித்தேன். அவருக்குச் சூப்பில் உப்புப் போதவில்லை, அதற்கும் பகிடி. நான் முதல் நாள் பொறுத்தேன். இரண்டாம் நாளும் பொறுத்தேன்.

வண்டிக்காரர் கடைசியாகக் கேட்டது தன் குதிரைக்குத் தண்ணீர் வைத்தார்களா என்று. அந்த இடத்தையும் வாசித்தேன். ஏழாம் நாள் விடிய அவர் போனதையும் வாசித்தேன். இந்திராக்காவின் முதுகு அசைந்தது.

"வெட்டினபடியாச் செத்தவனோ?" என்றார் சபா அண்ணை.

"பொறுங்கோ அண்ணை. இன்னும் கிடக்கு."

செத்தவருக்கு ஒரு பக்கம் என்று அண்ணை சொன்னாரே, அந்தப் பக்கத்தின் கடைசிப் பகுதி அது. மேசையில் என் பொய்யை எழுதியபோது நான் கண்ணை மூடிக்கொண்டு தாண்டிய இடமும் அதுதான். அதை இப்போது வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருந்தது.

முதல் நாள் வெட்டியிருந்தால் விரல்களோடு முடிந்திருக்கும். நான் நாலு நாள் பொறுத்தது மருத்துவத்துக்காக அல்ல. அவருக்கு என்னைப் பிடித்திருந்தது. அவர் முகம் என்மேல் கோணுவதை நான் விரும்பவில்லை. அதற்காகப் பொறுத்தேன். நான் பிந்திவிட்டேன்.

அந்த இடத்தில் புத்தகத்தை மடியில் வைத்தேன். பதினேழு வருடத்தில் எத்தனையோ வைத்தியரின் 'நான்' என் வாயால் வந்திருக்கிறது. இது மட்டும் எனக்கே சொன்னதுபோல இருந்தது. இந்திராக்காவின் முகம் என்மேல் கோணக் கூடாது என்றுதானே நானும் அந்தத் தாளை எடுத்தேன்.

வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸ் ஒருமுறை உறுமிவிட்டு நின்றது. சபா அண்ணை தன் காலைப் பார்த்தார். அந்த வாரத்தில் அவர் அதை நேராகப் பார்த்ததை நான் கண்டது அப்போதுதான். பிறகு விரலை மடித்தார்.

"ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன்."

நாலு விரல். ஐந்தாவதை மடிக்கவில்லை.

"இந்திரா," என்று கூப்பிட்டார், "உடுப்புப் பாக்கை அடுக்கும். நாளைக்கில்லை, இப்ப போவம்."

படியில் இருந்தவர் எழும்பின வேகத்தில் கைபிடி ஆடியது.

ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை வைத்தியர் உயரமான ஒரு இளம் பெண். சபா அண்ணைக்கு ஆங்கிலம் நன்றாக வரும். ஆனாலும் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டார், ஒவ்வொரு சொல்லும் இந்திராக்காவின் காதில் தமிழில் விழ வேண்டுமாம். தெரிந்த ஆட்களுக்கு நாங்கள் மொழிபெயர்க்கக் கூடாது. அதனால் தொலைபேசியில் வேறொரு பெண் வந்தார். "நான் உங்கடை பாதத்தின்ரை முன்பாதியை எடுக்கப்போறன்," என்றது அந்தக் குரல். நான் மூலையில் கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். அண்ணை கையெழுத்துப் போட்டார், இம்முறை மற்றப் பத்திரத்தில்.

அடுத்த நாள் காலை வெட்டினார்கள். இன்னும் இரண்டு நாள் பிந்தியிருந்தால் முழங்காலுக்குக் கீழே போயிருக்க வேண்டும் என்றார் அந்த வைத்தியர். பெர்னெல் பாணியில் சொன்னால், ஆறிற்று, வீட்டுக்குப் போனார்.

அந்த வெள்ளிக்கிழமை பேப்பரை, அண்ணை கண் விழித்த பிறகு, நானும் இந்திராக்காவும் போட்டோம். அவர் கார் ஓட, நான் கட்டுகளைத் தூக்கினேன். ரெக்ஸ்டேலுக்கும் போனோம். தொடர் வர வேண்டிய இடத்தில் கல்யாண மண்டப விளம்பரம் ஒன்று பெரிதாக வந்திருந்தது. உண்மையான அத்தியாயம் பிறகுதான் வந்தது. எங்கே வண்டிக்காரர் என்று ஒரு வாசகர்கூடக் கேட்கவில்லை. எழுதுகிறவர்களுக்கு இப்படியும் ஒரு அடி தேவைதான்.

என் பொய்யைக் கண்டுபிடித்ததற்காகச் சபா அண்ணைக்கு நன்றி சொல்கிறேன். என்னைக் கேட்டால் ஒரு எழுத்தாளருக்கு இதைவிடப் பெரிய உபகாரம் எந்த ஆசிரியரும் செய்ய முடியாது. தன் பிழையை மறைக்காமல் எழுதி வைத்துவிட்டுப் போன பெர்னெலுக்கும் நன்றி. அவர் அதை எழுதாமல் விட்டிருந்தால் எனக்கு அன்றைக்கு வாசிக்க ஒன்றும் இருந்திருக்காது. அந்த மழைநாளில் பெட்டியை உள்ளே எடுக்காமல் விட்ட கடைக்காரருக்கும் நன்றி.

கோயில்

சித்திரை பிறந்து சில நாள் கழித்து இந்திராக்கா கூப்பிட்டார். கோயிலுக்குப் போக வேண்டும், நீரும் வாரும் என்றார். அந்த வியாழனுக்குப் பிறகு அவர் என்னோடு தேவைக்குத்தான் கதைத்துக்கொண்டிருந்தார். அதனால் உடனே வெளிக்கிட்டேன்.

ஸ்காபரோவில்தான் கோயில். வாசலில் சப்பாத்துக் குவியல், உள்ளே கற்பூரமும் ஈரக் கம்பளியும் கலந்த மணம். இந்திராக்கா தட்டில் தேங்காயும் பழமும் வைத்து இரண்டு அர்ச்சனை ரிக்கற் எடுத்திருந்தார். முதலாவது சபா அண்ணைக்கு. சபாநாதன், அனுச நட்சத்திரம். ஐயர் செய்து முடித்துத் திருநீறு தந்தார்.

இரண்டாவது ரிக்கற்றை நீட்டுமுன் என் பக்கம் திரும்பினார்.

"அந்த வண்டிக்காரன்ரை முழுப் பேர் என்ன?"

"பியேர் தொர்வல்," என்றேன். எனக்கு அப்போதும் விளங்கவில்லை.

"ஐயா, இது மோட்ச அர்ச்சனை. மோசம் போனவருக்கு," என்றார் இந்திராக்கா. "பியேர் தொர்வல்."

ஐயர் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். "திதி?"

"தெரியாது ஐயா."

"எங்கை இருந்தவர்?"

"பிரான்சிலை."

"ஓ, பிரான்சிலையோ," என்றார் ஐயர். எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் பிரான்சில் ஒருவராவது இருக்கிறார்கள், அதனால் அதோடு அவருக்குப் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிட்டது. பேரைத் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "உங்களுக்கு என்ன முறை?"

இந்திராக்கா கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"என்ரை மனுசனுக்குத் தமையன், ஐயா. மூத்தவர். இவருக்கு முதல் போயிட்டார்."

ஐயர் தட்டை வாங்கிக்கொண்டு, அப்படியோ என்கிற மாதிரி, என்னைப் பார்த்தார்.

"ஓம் ஐயா," என்றேன்.